எதிர்வீட்டு அக்காவின் முடிக் கணக்கு

2024 ஜனவரியிலிருந்து 2025 டிசம்பர் வரை மொத்தம் 24 முறை. முதல் ஆண்டில் 12 முறையும் பார்லரில். இரண்டாம் ஆண்டில் 12 முறையும் வீட்டுச் சமையலறையில். நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில், எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் கறுப்பினப் பெண்மணி தன் சுருட்டை முடியைச் சூடு காட்டி நீட்டிக்கொண்ட கணக்கு இது. ஐம்பதைத் தாண்டியவர். மனசுக்குள் நான் அவரை அக்கா என்றே கூப்பிடுகிறேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எந்தச் செலவையும் அன்றிரவே நோட்டில் குறித்துவைக்கிற பழக்கம் அவருக்கு. பத்து சென்ட் விட்டுப்போனாலும் மறுநாள் ஓரத்தில் எழுதிச் சேர்த்துவிடுவார். அந்த நோட்டைத்தான் என்னிடம் கொடுத்திருக்கிறார். இரண்டாம் ஆண்டுக் கணக்கில் என் கையும் இருக்கிறது. அவர் கைக்கு எட்டாத பின்னந்தலைக்கு அயர்ன் பிடித்தது நான்.

அவருடையது ‘நேச்சுரல்’ முடி. ரசாயனம் போட்டு நிரந்தரமாக நீட்டாத முடிக்கு இங்கே அதுதான் பெயர். நனைந்திருக்கும்போது தோளுக்கு மேலே பந்தாகச் சுருண்டு நிற்கும். கணக்கு தொடங்கியபோது இழுத்துப் பிடித்து அளந்தால் 31 சென்டிமீட்டர். இதை அலசி, கண்டிஷனர் ஊறவைத்து, சிக்கெடுத்து, டிரையரில் முழுக்கக் காயவைத்து, சூடான தட்டுகளுக்கு நடுவே பட்டை பட்டையாக இழுத்தால் பட்டு மாதிரி நேராக விழும். ‘சில்க் பிரெஸ்’ என்பார்கள். அடுத்த முறை தண்ணீர் படும்வரைதான் ஆயுசு.

ஏன் தண்ணீர் படும்வரை என்பதில்தான் செலவு முழுக்க அடங்கியிருக்கிறது. முடி கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் பிணைப்புகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீரிலும் சூட்டிலும் விட்டுவிடும். காய்ந்து ஆறும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். கந்தக அணுக்கள் சேர்ந்த டைசல்பைடு பிணைப்பு அப்படி இல்லை. அதைப் பிரிக்க ரசாயனம் வேண்டும். பிரிந்தால் பழைய சுருள் திரும்பாது. சில்க் பிரெஸ் முதல் வகையை மட்டும் தொட்டுவிட்டு வரும் வேலை. அதனால்தான் ஜூலை மாதப் புழுக்கத்தில் மூன்றே நாளில் சுருண்டுவிடுகிறது, ஜனவரியில் இரண்டு வாரம் நிற்கிறது.

முதலில் பார்லர் கணக்கு. சில்க் பிரெஸ்ஸுக்கு 90 டாலர். அதில் 20 விழுக்காடு டிப்ஸ், 18 டாலர். பஸ்ஸுக்குப் போக 2.90, வர 2.90. ஒரு முறைக்கு 113.80. பன்னிரண்டு முறைக்கு 1,365.60. வருஷத்தில் இரண்டு தடவை நுனி வெட்டியதற்குத் தலா 20 டாலரும் டிப்ஸ் 4 டாலரும், அது 48. ஆக 2024-க்கு 1,413.60 டாலர். நியூயார்க் நகரத்தில் அந்த ஆண்டு குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர். கூலியும் டிப்ஸும் சேர்ந்த 108 டாலருக்கு அந்தக் கூலியில் ஆறே முக்கால் மணி நேரம் உழைக்கவேண்டும். நியூயார்க்கைவிட்டு வெளியே போனால் சில மாநிலங்களில் இன்னும் மோசம். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. அந்தக் கூலிக்காரருக்கு இது ஏறத்தாழ 15 மணி நேரச் சம்பளம்.

இந்த இடத்தில் பலர் “கொள்ளை அடிக்கிறார்கள்” என்று முடித்துவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அக்காவோடு ஒருநாள் பார்லருக்குப் போய் உட்கார்ந்து, அந்த ஸ்டைலிஸ்ட் பெண்ணிடம் அவருடைய கணக்கையும் கேட்டபிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் சம்பளத்துக்கு இருப்பவர் அல்ல. பார்லரில் ஒரு நாற்காலியை வாரம் 250 டாலருக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார். நல்ல வாரத்தில் 15 தலை. கூலியும் டிப்ஸுமாக 1,620 டாலர் கைக்கு வரும். நாற்காலி வாடகை 250. ஷாம்பூ, கண்டிஷனர், சீரம் என்று தலைக்கு 8 டாலர் வீதம் 120. கார்டு தேய்ப்பதற்கு 3 விழுக்காடு, 48.60. மீதி 1,201.40. சொந்தத் தொழில் செய்பவர்கள் ஓய்வூதிய, மருத்துவக் காப்பு வரியை முதலாளி பங்கு, தொழிலாளி பங்கு இரண்டையும் சேர்த்துத் தாங்களே கட்டவேண்டும், 15.3 விழுக்காடு. அது நிகர வருமானத்தின் 92.35 விழுக்காட்டின்மேல் கணக்கிடப்படுவதால் சுமார் 170 டாலர். வருமான வரிக்கு முன்னால் கையில் நிற்பது 1,031 டாலர் சொச்சம். கூட்டுவது, துண்டு துவைப்பது, போனில் பதில் சொல்வது எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேரம். மணிக்கு 23 டாலருக்குக் கொஞ்சம் கீழே.

அது நல்ல வாரம். மழை வாரத்தில், பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் 8 தலைதான் வரும். அப்போது வரவு 864. வாடகை அதே 250. மற்றதையும் அந்த 15.3-ஐயும் கழித்தால் 450 டாலர். கடையில் அதே 45 மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மணிக்கு 10 டாலர். நகரத்தின் அப்போதைய குறைந்தபட்சக் கூலியைவிட 6 டாலர் குறைவு. விடுப்புக்குச் சம்பளம் கிடையாது. கை வலித்தால் அன்றைக்கு வரவும் கிடையாது.

அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்க நியூயார்க் மாநிலத்தில் 1,000 மணி நேரம் படித்து உரிமம் வாங்கவேண்டும். நாளுக்கு 8 மணி, வாரம் 5 நாள் என்றால் 25 வாரம். கலிஃபோர்னியாவில் 1,600 மணி நேரமாக இருந்ததை 2022 ஜனவரியிலிருந்து 1,000 ஆக்கினார்கள். இத்தனை மணி நேரத்தில் சுருட்டை முடியைக் கையாளக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்று நியூயார்க் சட்டம் போட்டதே 2023 நவம்பரில்தான். அதற்கு முன் படித்துவிட்டு வந்தவர்களில், இந்த முடியைத் தொடவே தெரியாதவர்கள் உரிமத்தோடு இருக்க முடிந்தது. அக்கா இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளியிருக்கும் கடையை விட்டுவிட்டு 35 நிமிடம் பஸ்ஸில் போவது இதனால்தான். அந்தப் பெண்ணின் கைக்குத்தான் 90 டாலர், நாற்காலிக்கு இல்லை.

இந்தத் தொழிலே ஒரு பிழைப்புக் கணக்கில் தொடங்கியதுதான். 1867-இல் லூசியானாவில், அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்த சாரா பிரீட்லவ் பல ஆண்டு துணி வெளுத்துப் பிழைத்தவர். பிற்பாடு மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் கறுப்பினப் பெண்களுக்கான கூந்தல் தைலங்களை விற்று, 1910-இல் இண்டியானாபொலிஸில் தொழிற்சாலை வைத்து, ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து விற்பனைக்கு அனுப்பினார். சூடான இரும்புச் சீப்பைக் கண்டுபிடித்தவர் அவர் என்று இன்றும் எழுதுகிறார்கள். அது சரியில்லை, சீப்பு அவருக்கு முன்பே கடைகளில் இருந்தது. அவர் சேர்த்தது வேறு: அடுத்தவர் வீட்டுத் துணியைத் துவைப்பதற்குப் பதிலாகத் தலைக்கு வேலை செய்து சம்பாதிக்கலாம் என்ற வழி. 1919-இல் அவர் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. குயின்ஸ் நாற்காலியில் இருக்கும் பெண்ணும் அந்த வழியில்தான் நடக்கிறார்.

இனி வீடு. 2025 ஜனவரியில் அக்கா வாங்கியவை: சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள அயர்ன் 120 டாலர், சீப்பு மாட்டிய டிரையர் 55, கிளிப்பும் வால் சீப்பும் இரவில் கட்டிக்கொள்ளும் சாட்டின் துணியுமாக 25. மொத்தம் 200. நகரத்தின் விற்பனை வரி 8.875 விழுக்காடு சேர்ந்து 217.75. நான்கு ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 54.44. அழுக்கை முழுக்க எடுக்கும் ஷாம்பூ 9, ஈரப்பதம் தரும் ஷாம்பூ 12, ஊறவைக்கும் கண்டிஷனர் இரண்டு டப்பா 28, சூட்டிலிருந்து காக்கும் ஸ்பிரே 18, சீரம் 9; 76 டாலர், வரியோடு 82.75.

மின்சாரத்தை அக்கா நோட்டில் எழுதவில்லை. நான் போட்டேன். அமெரிக்க டிரையர்கள் பெரும்பாலும் 1,875 வாட். முக்கால் மணி நேரம் ஓடினால் 1.4 யூனிட், அயர்னுக்கு 0.2 யூனிட் போடலாம். 1.6 யூனிட், யூனிட்டுக்கு 30 சென்ட் என்றால் 48 சென்ட். ஆண்டுக்கு 5.76 டாலர். நுனி வெட்ட மட்டும் இரண்டு முறை பார்லருக்குப் போனார்: கூலி 35, டிப்ஸ் 7, பஸ் 5.80. இரண்டு முறைக்கு 95.60.

ஆக, 2025:

சாமான் தேய்மானம் — 54.44
ஷாம்பூ முதல் சீரம் வரை — 82.75
மின்சாரம் — 5.76
நுனி வெட்டு — 95.60
மொத்தம் — 238.55

பார்லர் ஆண்டோடு வித்தியாசம் 1,175.05 டாலர். வாங்கிய சாமானின் முழு விலையும் மூன்றாவது முறையிலேயே வசூலாகிவிட்டது. பணத்தை மட்டும் பார்த்தால் இங்கேயே கணக்கை மூடிவிடலாம். என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிற தோழிகள் எல்லாரும் இந்த இடத்தில்தான் மூடுகிறார்கள்.

நேரத்தில் மிச்சமாகும் என்று நினைத்திருந்தோம். ஆகவில்லை. பார்லரில் நாற்காலியில் இரண்டரை மணி, காத்திருப்பு 20 நிமிடம், பஸ் போகவர ஒரு மணி பத்து நிமிடம். நான்கு மணி நேரம். வீட்டில் அலச 30 நிமிடம், கண்டிஷனர் ஊற 30, சிக்கெடுக்க 30, டிரையர் 45, அயர்ன் 90, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைக்க 15. அதுவும் நான்கு மணி நேரம். இரண்டு ஆண்டிலும் 48, 48. ஒரே வித்தியாசம், பார்லரில் அக்கா புத்தகம் படித்தார். வீட்டில் கையைத் தூக்கியே வைத்திருந்தார். அதோடு என்னுடைய 50 நிமிடம் வேறு, 12 முறைக்கு 10 மணி நேரம். 2025-இன் குறைந்தபட்சக் கூலி 16.50 வீதம் 165 டாலர் ஆகும். எனக்குக் கிடைத்தது சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு. என் கணக்கில் அது 165-க்கு மேல்.

நேராக நின்ற நாட்களையும் அக்கா எண்ணியிருக்கிறார். 2024-இல் 132 நாள், முறைக்குப் பதினொன்று. 2025-இல் 84 நாள், முறைக்கு ஏழு. நேரான ஒரு நாளுக்குப் பார்லரில் 10.71 டாலர், வீட்டில் 2.84. இப்போதும் வீடுதான் மலிவு, ஆனால் ஆறு மடங்காக இருந்த வித்தியாசம் நான்கு மடங்குக்கும் கீழே வந்துவிட்டது. எங்கள் கையில் காய்ந்தது ஏன் சீக்கிரம் சுருண்டது? சரியாகக் காயாததால். அதன் விலை ஏப்ரலில் தெரிந்தது.

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. நான்காவது முறை. மறுநாள் காலை அக்காவுக்கு வேலையிடத்தில் ஒரு கூட்டம். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் தலையை அலசினார், மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. முன்பக்கத்தை அவர் முடித்துவிட்டு அயர்னை என் கையில் கொடுத்தார். தலையை நான்கு பாகமாகப் பிரித்து, பாகத்துக்கு 18 பட்டையாக எடுப்போம்; மொத்தம் 72. கடைசி வரிசை பிடரி. கறுப்பினப் பெண்கள் பிடரி முடியைக் ‘கிச்சன்’ என்றே சொல்வார்கள். சமையலறை என்று அர்த்தம். தலையிலேயே இறுக்கமான சுருள் அங்கேதான். வியர்வையும் சட்டைக் காலரும் படுகிற இடம். பட்டையின் நுனியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. வேரைத் தொடவில்லை.

அயர்னில் 230 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. தட்டுகள் இரண்டும் மூடியதும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ‘ஸ்ஸ்’ என்றது. வெள்ளையாக ஆவி. ஸ்பிரே புகைகிறது என்று நினைத்துக்கொண்டு கீழே இழுத்தேன். அடுத்த பட்டையிலும் அதே சத்தம். மூன்றாவதிலும். நான்காவதில்தான் இறகு கருகுகிற வாடை மூக்கில் ஏறியது. நிறுத்தினேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, “என்ன?” என்றார். “ஒன்றுமில்லை” என்றேன். அந்த “ஒன்றுமில்லை”யை இன்னமும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்போது பார்க்கப் பட்டு மாதிரிதான் இருந்தது. அடுத்த அலசலில் சீப்போடு வந்தது. ஒரு விரலின் நீளத்துக்குத் துண்டு துண்டாக. 22 சென்டிமீட்டர் இருந்த பிடரி முடி 15-இல் நின்றது.

நடந்தது இதுதான். ஈரம் முடித்தண்டுக்குள்ளேயே இருந்தது. கொதிநிலையைவிட 130 டிகிரி கூடுதல் சூடான தட்டு பட்டதும் அந்தத் தண்ணீர் உள்ளேயே ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் தண்டைக் குமிழ் குமிழாக ஊதிவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் பஞ்சு மாதிரி ஓட்டைகள் தெரியும். தோல் மருத்துவர்கள் இதைக் குமிழ் முடி என்றே குறிப்பிடுகிறார்கள். காய்ந்த முடியின் கெரட்டின் 200 டிகிரிக்கு மேல்வரை தாக்குப்பிடிக்கும். நனைந்த கெரட்டின் 150-ஐத் தொடும் முன்பே குலையத் தொடங்கிவிடும். ஒரே அயர்ன், ஒரே எண். ஈரம் இருந்ததா இல்லையா என்பதுதான் முடியா, துண்டா என்று தீர்மானித்தது.

பார்லர் பெண்ணிடம் போய்ச் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு பட்டையை வேரோடு சேர்த்து எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக் காட்டினார். விரல் ஏமாந்துவிடும், கன்னம் ஏமாறாது. துளி ஈரம் இருந்தாலும் சில்லென்று இருக்கும் என்றார். அவருடைய அயர்ன் 200-க்கு மேலே போவதில்லை. பட்டைக்கு முன்னால் சீப்பு ஓடும், பின்னாலேயே அயர்ன் ஓடும், ஒரே இழுப்பு. நாங்கள் நேராகவில்லையே என்று பட்டைக்கு மூன்று முறை இழுத்துக்கொண்டிருந்தோம். 72 பட்டை, ஆண்டுக்கு 12 முறை என்றால்: பார்லரில் 864 இழுப்பு, வீட்டில் 2,592. அதுவும் முப்பது டிகிரி கூடுதல் சூட்டில். 1,000 மணி நேரப் படிப்பு எங்கே போகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்த 7 சென்டிமீட்டருக்கு என்ன விலை போடுவது? டாலரில் போட முடியாது. மாதத்தில் போடலாம். 2001-இல் பிரிட்டிஷ் தோலியல் இதழில் வந்த அளவீட்டின்படி ஆப்பிரிக்க முடி நாளுக்குச் சராசரி 256 மைக்ரோமீட்டர் வளர்கிறது. ஐரோப்பிய முடி 396. அடர்த்தியும் குறைவு, சதுர சென்டிமீட்டருக்கு 227-க்குப் பதில் 190. நாளுக்கு 256 என்றால் மாதத்துக்கு 7.8 மில்லிமீட்டர், ஆண்டுக்கு 9.3 சென்டிமீட்டர். நம்மூரில் “முடிதானே, வளர்ந்துவிடும்” என்போம். மாதம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்கிறவர்கள் சொல்கிற பேச்சு அது. அக்காவின் பிடரிக்கு 7 சென்டிமீட்டர் என்றால் ஒன்பது மாதம்.

உச்சந்தலைக்கும் கணக்கு இருக்கிறது. 2024 தொடக்கத்தில் 31. வளர்ச்சி 9.3 சேர்த்து, வெட்டிய 4 கழித்தால் ஆண்டு முடிவில் 36.3 இருக்கவேண்டும். டேப் காட்டியது 35.5. உடைந்து போனது 0.8. 2025 முடிவில் 40.8 இருக்கவேண்டிய இடத்தில் 38.5 இருந்தது. உடைந்தது 2.3. பார்லர் ஆண்டைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம். இரண்டு மாத வளர்ச்சி. 1,175 டாலர் மிச்சம் என்று எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நான் எழுதச் சொன்னது இதை: உச்சியில் இரண்டு மாதம், பிடரியில் ஒன்பது மாதம்.

எல்லாவற்றையும்விட மலிவான மூன்றாவது வழி ஒன்று உண்டு. அக்கா இளமையில் பதினைந்து ஆண்டுக்கு மேல் அதில்தான் இருந்தார். ரிலாக்சர் டப்பா. கடையில் 10 டாலர் அளவில் கிடைக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரம். முடி இயல்பிலேயே லேசான அமிலத்தன்மையோடு இருக்க, இதன் பிஎச் 12-க்கு மேல். டைசல்பைடு பிணைப்பையே மாற்றிவிடுவதால் மழையிலும் சுருளாது. இதை வைத்துப் பெரிய நிறுவனங்களே எழுந்தன. சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் 1954-இல் 250 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய நிறுவனம் 1971-இல் அமெரிக்கன் பங்குச் சந்தையில் ஏறியது. கறுப்பர்களுக்குச் சொந்தமான நிறுவனங்களில் அதுவே முதல். வேர் வளர வளர எட்டு வாரத்துக்கு ஒரு முறை போடவேண்டும். ஆண்டுக்கு ஆறு டப்பா, 60 டாலர். நேரான நாள் 365. நாளுக்கு 17 சென்ட்கூட இல்லை.

அந்த 17 சென்ட்டுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய எண்கள் 2022 அக்டோபரில் வந்தன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ‘சிஸ்டர் ஸ்டடி’ 35 முதல் 74 வயது வரையுள்ள 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்தது. முடி நீட்டும் ரசாயனப் பொருள்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் அந்த நோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05. அந்தப் பொருள்களைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் கறுப்பினப் பெண்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, இதுதான் காரணம் என்று நிறுவியதல்ல. எந்த நிறுவனத்தின் பொருள் என்றும் அது பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் ‘அடிக்கடி’ என்பதற்கு அவர்கள் வைத்த அளவு ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல். டப்பாவில் போட்டிருக்கும் எட்டு வாரக் கணக்கை ஒழுங்காகப் பின்பற்றுகிற எந்தப் பெண்ணும் ஆண்டுக்கு ஆறு முறை போடுகிறாள். அக்கா இதைப் படித்த அன்று நோட்டின் பின்னட்டையில் தன் பதினைந்து ஆண்டுகளை ஆறால் பெருக்கி 90 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். வேறு ஒன்றும் எழுதவில்லை.

இத்தனை பாடு எதற்கு, சுருட்டையாகவே விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். பல ஆண்டுகள் விட முடியவில்லை என்பதுதான் பதில். பின்னலோடு வந்ததற்காக வேலை மறுத்தாலும் கேட்க நாதியில்லாத நாடாக இருந்தது இது. முடியின் சுருளை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019 பிப்ரவரியில் நியூயார்க் நகர மனித உரிமை ஆணையம் விதி வகுத்தது. மீறினால் 2,50,000 டாலர் வரை அபராதம். அதே ஆண்டு ஜூலை 3 அன்று கலிஃபோர்னியாவும், ஜூலை 12 அன்று நியூயார்க் மாநிலமும் சட்டமே போட்டன. மத்தியச் சட்ட மசோதா 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் தங்கிவிட்டது. இன்று அக்கா முடியை நீட்டுவது தன் ஆசைக்காக. பிறந்தநாளுக்கு நேராக, மற்ற நாளில் முறுக்கிப் பின்னி. ஆசைக்குச் செய்கிற காரியத்துக்குப் பன்னிரண்டு முறை எதற்கு என்ற கேள்வி நோட்டை இரண்டு ஆண்டு புரட்டியபிறகு அவருக்கே வந்தது.

2026-க்கு அவர் போட்டிருக்கும் திட்டம் எட்டு முறை. நான்கு பார்லரில், பழைய விலைப்படி: 455.20. அங்கேயே இரண்டு முறை நுனி வெட்டு: 48. நான்கு வீட்டில், முறைக்கு 7.38 வீதம் 29.52. சாமான் தேய்மானம் 54.44. மொத்தம் 587.16. புழுக்கமான ஜூலை, ஆகஸ்ட்டில் ஒன்றும் கிடையாது. மூன்று நாளுக்காக 113.80 கொடுத்தால் நாளுக்கு 38 டாலர் ஆகிறது. அயர்னில் 200-க்கு நேராக நெயில் பாலிஷால் சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். ஒரு பட்டைக்கு ஒரு இழுப்பு. நான் பிடிக்கும் பின்னந்தலையில் ஒவ்வொரு பட்டையும் என் கன்னத்தில் பட்டபிறகுதான் தட்டுக்குள் போகும். அங்கே இருக்கும் 36 பட்டைக்கு அதனால் பதினைந்து நிமிடம் கூடுகிறது.

என் பங்காக ஒன்று சேர்த்தேன். அலசுவதற்கு முந்தைய இரவு தேங்காயெண்ணெய். தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்ட 2003-ஆம் ஆண்டு ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அது தண்டுக்குள் ஊடுருவுகிறது. அம்மா சொல்லித் தலையில் வைத்த எண்ணெய்க்கு ஆதாரம் இருப்பதை அக்காவிடம் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அயர்னுக்கு முன்னால் ஒரு துளிகூடக் கூடாது, முழுக்க அலசிவிடவேண்டும். எண்ணெய் என் வீட்டுச் செலவு, நோட்டில் ஏறாது.

2026 ஜனவரி 18, ஞாயிறு. அந்த ஏப்ரல் இரவிலிருந்து 280 நாள். அக்கா குனிந்து உட்கார்ந்தார். நான் பிடரி முடியை இழுத்துப் பிடித்துத் தையல் டேப்பை வைத்தேன். இடையில் நுனியைச் சமன் செய்ய ஒரு சென்டிமீட்டர் வெட்டியிருந்தோம். 21. “எவ்வளவு?” என்றார். சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டு, “பழைய 22-க்கு இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்டார். போனில் வகுத்துப் பார்த்து 39 என்றேன். காலண்டரில் நாட்களை எண்ணி, பிப்ரவரி 26-ஐச் சுற்றி வட்டம் போட்டார்.